தாத்தாவின் கைத்துப்பாக்கிக்கு உதிரிபாகம் கிடைக்குமா?

கேள்வி: தாத்தா வழியாக எங்களுக்கு வந்த பழைய ஒற்றைக் குழல் கைத்துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, கேப் (அடித்தால் தீப்பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் வகை. குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியை) இழுத்தால் நிற்காமல் தொங்குகிறது. பக்கத்தில் குதிரையை இயக்கும் விசைப் பூட்டைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருக்கும் பட்டை ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருந்தது. பூட்டைப் பிடிக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்றையும் காணவில்லை. குழலின் மேல் முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் உள்ளன. அந்த நிறுவனத்தின் உதிரிபாகங்களை எங்கே தேடுவது?

பதில்: உதிரிபாகத்தைத் தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழல் வாயில் மெதுவாக, தடுக்கும் வரை விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப் பொருத்தும் காம்பு இருக்கும் இடத்துக்கு வெகுவாக முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே பழைய மருந்தும் குண்டும் கிடக்கலாம். ஈரம் படாத கருமருந்து (பழைய வகை வெடிமருந்து) பல தலைமுறைகளுக்குப் பிறகும் தீப்பற்றும். அப்படியொரு ஐயம் எழுந்தால் நீங்களே தோண்டி எடுக்க முயலாமல், குழலை யார் பக்கமும் திருப்பாமல், தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞரிடம் அதை ஒப்படைத்துவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் எழுத்துகள் எந்த நிறுவனத்தின் பெயரும் அல்ல. அவை பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் குழலின் வலிமையைச் சோதித்த பின் குத்தப்பட்ட முத்திரை. முட்டை வடிவத்துக்கு மேல் கிரீடம் இல்லையென்றால், அது 1893க்கு முந்தையது என்று கொள்ளலாம். லியேஜில் குழலை ஒருவர், பூட்டை இன்னொருவர், மரப்பிடியை வேறொருவர் எனத் தனித்தனிப் பட்டறைகளில் செய்து, வணிகர்கள் அவற்றை ஒன்றுசேர்த்து விற்றார்கள். ஆகவே, ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து வெளியேறிய இரண்டு கைத்துப்பாக்கிகளின் பாகங்கள்கூட மாற்றிப் போட்டால் பொருந்த வேண்டும் என்பதில்லை. உங்களுக்குத் தேவைப்படுவது பொருந்தும் அளவில் ஒரு பாகமும், அதை அரத்தால் தேய்த்து உட்கார வைக்கும் கையும்தான்.

ஸ்பிரிங்கை முதலில் பார்ப்போம். முறிந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, மொத்த நீளம், பட்டையின் அகலம், பூட்டுத் தகட்டின் துளையில் அமரும் சிறு முளையின் இடம், குதிரையை இயக்கும் உட்பாகத்தைப் பற்றும் நுனி கொக்கியாக இருக்கிறதா, சிறு இணைப்புக் கண்ணியோடு சேர்கிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டு துப்பாக்கியின் வலப்பக்கத்தில் இருக்கிறதா, இடப்பக்கத்தில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இதை மறந்துவிட்டுத் தலைகீழான ஸ்பிரிங்கை வாங்குவோர் பலர். இந்த விவரங்களுடனும் அளவுகோல் பக்கத்தில் தெரியும் படத்துடனும், கருமருந்துத் துப்பாக்கிகளுக்கான பொருள்களை விற்போரையும், உடைந்த பழைய பூட்டுகளை விற்கும் பழம்பொருள் வணிகர்களையும் அணுகலாம். வார்ப்பில் வரும் புதிய ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் முரட்டு நிலையில் இருக்கும். தேய்த்து வடிவமாக்கி, பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்திய பிறகே அவை ஸ்பிரிங்காக வேலை செய்யும். பதம் தவறினால் முதல் இழுப்பிலேயே முறியும் அல்லது வளைந்தபடியே நின்றுவிடும். அதனால் உங்கள் துண்டுகளையே மாதிரியாகக் கொடுத்துப் புதிதாக அடித்துத் தரச் சொல்வதுதான் பல நேரங்களில் சுருக்கமான வழி.

திருகாணி சிறியதுதான், ஆனால் கெடுதல் அதில்தான் அதிகம் நடக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைக்கு (திருகாணியைச் சுற்றி ஓடும் புரிக்கு) ஒரு பொது அளவை முன்வைக்கும்வரை ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது; துப்பாக்கித் தொழிலில் அந்தப் பழக்கம் அதன் பிறகும் நெடுங்காலம் நீடித்தது. கடையில் கிடைக்கும் திருகாணியை வலிந்து முறுக்கினால் பூட்டுத் தகட்டின் உள்மரை அழிந்துவிடும். எஞ்சியிருக்கும் இன்னொரு திருகாணியைக் காட்டி, துளையின் மரைக்கு ஏற்ப ஒன்றைக் கடைந்து வாங்குங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகத் தனியே வைக்கிறது. வேறு நாடுகளில் பழைய துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டியிருக்கலாம். எனவே எதையும் வாங்குவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் முன் உங்கள் உரிம அதிகாரியிடம் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். பழுது நீங்கிய பிறகும் இதைச் சுட்டுப் பார்க்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து; பழைய குழலின் உள்விரிசலைக் கண்ணால் கண்டறிய முடியாது.

கேள்வி: பாகங்களை மாற்றும்போதே துருவையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாமா?

பதில்: கூடாது. உப்புத்தாளும் சுழல் தூரிகையும் துருவோடு முத்திரைகளையும் அழித்துவிடும். பழம்பொருளின் மதிப்பு பெருமளவு அவற்றில்தான் இருக்கிறது. மெல்லிய எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு, இளகும் துருவை மட்டும் துணியால் துடைத்தெடுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் முறிந்த ஸ்பிரிங்கையும் சிறு உறையில் போட்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதித் துப்பாக்கியுடனேயே வைத்திருங்கள்.