சின்ன மீனும் இறாலும் ஒரே தொட்டியில்: கேள்வி பதில்

60 லிட்டர் தொட்டியில் ஆறு கப்பி இருக்கின்றன. செர்ரி இறால் பத்து விட்டால் பிழைக்குமா அண்ணா?

பெரிய இறால் பிழைத்துவிடும், குஞ்சுகள்தான் கஷ்டம். பிறக்கும்போதே தாயின் அச்சு அசலாக இருக்கும். நீளம் மட்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். சாதுவான மீனா என்று குணத்தைப் பார்ப்பதைவிட வாயைப் பாருங்கள். வாய்க்குள் போகிறது என்றால் தின்றுவிடும். அதனால் எந்த மீன் என்று யோசிப்பதற்கு முன் ஒளிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி நெருக்கமாக, நிறைய வேண்டும். அதில் படியும் நுண்ணுயிர்ப் படலம்தான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு, எனவே அவை வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. புதுத் தொட்டி என்றால் முதலில் இறால். இரண்டு ஈடு குஞ்சு பார்த்த பிறகு மீன். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

முழுப் பாதுகாப்பான மீன் எது?

ஓட்டோசிங்கலஸ். பாசி மேய்வதோடு சரி. எம்பர் டெட்ரா, சில்லி ரஸ்போரா பெரிய இறாலைத் தொடாது. பிறந்த குஞ்சு கண்ணில் பட்டால் விடாது. ஏஞ்சல் வேண்டவே வேண்டாம். குட்டியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாது, வளர்ந்ததும் வேலையைக் காட்டும். பெட்டா ஒவ்வொன்றும் ஒரு ரகம், நம்ப முடியாது.

காலையில் ஒரு இறால் கண்ணாடி மாதிரி கிடந்தது. மீன் கடித்துக் கொன்றதா?

கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே காலி, தலைக்குப் பின்னால் வெடிப்பு என்றால் அது உரித்துப் போட்ட தோல். செத்த இறால் இளஞ்சிவப்பாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். தோலைத் தொட்டியிலேயே விடுங்கள், மற்ற இறால்கள் தின்னும். உரித்த இறாலின் உடம்பு கொஞ்ச நேரம் மெத்தென்று இருக்கும். மீன் கொத்துவது அப்போதுதான். அதனால் எங்காவது பதுங்கிக் கிடக்கும், தேடித் துழாவாதீர்கள்.

தலைக்கும் உடம்புக்கும் நடுவே வெள்ளை வளையம் தெரிந்து சாகிறது என்றால் கதை வேறு, தோல் உரிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதியுங்கள். செர்ரிக்கு 6 முதல் 8 டிகிரி ஜிஎச் (பொதுக் கடினத்தன்மை அளவு) போதும். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றுவதும் ஒரு காரணம். வாரம் 10 சதவீதம், அதே வெப்பநிலையில் மாற்றினால் நல்லது.

டெட்ராவுக்கு வெள்ளைப்புள்ளி நோய். மருந்து போடலாமா சார்?

லேபிளில் செம்பு இருந்தால் இறால் தொட்டிக்குள் போடவே போடாதீர்கள். மீன்கள் எல்லாவற்றையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். இந்த நோய் இறாலைப் பிடிக்காது. மீனே இல்லாமல் நான்கு வாரம் விட்டால் இறால் தொட்டியில் இருக்கும் கிருமியும் பிழைக்க வழியின்றிச் செத்துவிடும். அப்புறம், புதுச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். தனி வாளியில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகு விடுங்கள்.

அமானோ இறால் முட்டை சுமந்தது, ஒரு குஞ்சுகூட இல்லை. மீன் தின்றுவிட்டதா?

மீன் மேல் பழி போடாதீர்கள். அமானோவின் இளம்புழுக்கள் வளர உப்புத்தண்ணீர் வேண்டும், நன்னீரில் தேறாது. குஞ்சு வேண்டுமானால் செர்ரி வளருங்கள். ஒரு ஈட்டுக்கு 20, 30 முட்டை, மூன்று நான்கு வாரத்தில் பொரிந்துவிடும்.

ஃபில்டர் குஞ்சுகளை இழுக்கிறதே?

உறிஞ்சும் குழாய் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

இறால் வந்த பிறகு நியான் டெட்ரா ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது. இறால் மீனைத் தின்னுமா?

செர்ரியோ அமானோவோ உயிரோடு திரியும் மீனை வேட்டையாடாது. செத்ததைத் தின்னும், பழி அதன் மேல் விழும். ஆனால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னங்கால்கள் நீண்டு நுனியில் கொடுக்கு இருந்தால் அது மேக்ரோபிராக்கியம் என்ற வேட்டையாடும் இறால் வகை, குஞ்சாக இருக்கும்போது மற்ற இறாலோடு கலந்து வந்துவிடும். தூங்கும் மீனைப் பிடித்துவிடும். வலை போட்டு எடுத்துத் தனித் தொட்டியில் விடுங்கள்.