பட்டியலில் விழுந்த பென்சில் கோடு

கேள்வி: என் மகன் தென்னாப்பிரிக்கத் தரைப்படையில் லான்ஸ் கார்ப்பரல். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்ட படிவத்தில், தன்னோடு வாழும் ஆண் துணையின் பெயரை எழுதினான். அடுத்த வாரமே பதவி உயர்வுப் பயிற்சிப் பட்டியலில் அவன் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டார்கள். “உங்களைச் சேர்க்கச் சொல்லி பார்லிமென்ட் எந்தச் சட்டமும் போடவில்லை. அமெரிக்காவிலேயே இதற்கு எத்தனை சண்டை!” என்றாராம் மேலதிகாரி. வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போகலாமா? – ஒரு தாய், சாட்ஸ்வர்த்.

பதில்: அம்மா, அந்த அதிகாரி சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். தன்பாலீர்ப்புள்ளவர்களைப் படையில் சேர்க்க இங்கே தனிச் சட்டம் தேவைப்படவே இல்லை. 1996 அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, பாலீர்ப்பைக் காரணம் காட்டி அரசு யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 1994இல் நடைமுறைக்கு வந்த இடைக்கால அரசியலமைப்பிலேயே அது இருந்தது. ராணுவமும் அரசுதானே? 1996இல் நாடாளுமன்றம் ஏற்ற பாதுகாப்பு வெள்ளை அறிக்கையும் இதையே படைக்கென்று தனியாகச் சொன்னது.

அவர் இழுத்த அமெரிக்கக் கதை வேறு. அங்கே 1993இல் காங்கிரஸ் போட்ட சட்டம், வெளியே சொல்லாதவரை இருக்கலாம் என்றது. அதை நீக்க 2010 டிசம்பரில் ஓட்டெடுத்து, 2011 செப்டம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டைக்கும் உங்கள் மகனின் பட்டியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

‘படை ஒழுங்கு’ என்று அவர்கள் வாதாடலாம். உரிமையைக் குறைக்க வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டத்தின் மூலம்தான் முடியும் என்கிறது 36ஆம் பிரிவு. மேசை டிராயரிலிருந்து எடுத்த பென்சில் சட்டமாகாது.

சிசிஎம்ஏ வேண்டாம். இதில் வழக்கறிஞர்களே சறுக்குவார்கள். தொழிலாளர் உறவுச் சட்டமும் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் பாதுகாப்புப் படையினருக்குப் பொருந்தாது. அங்கே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் எட்டாத இடத்தில்தான் 2000ஆம் ஆண்டின் சமத்துவ மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும், அதனாலேயே அது உங்கள் மகனுக்குக் கைகொடுக்கிறது. வழக்கு சமத்துவ நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குத் தனிக் கட்டிடம் தேட வேண்டாம், மாஜிஸ்திரேட் கோர்ட்டே அதுதான். கிளார்க்கிடம் படிவம் 2 வாங்கி எழுதலாம், கட்டணம் கிடையாது. முதல் பார்வைக்குப் பாகுபாடு தெரிகிறது என்று மகன் காட்டினால் போதும், அப்படி இல்லையென்று நிரூபிக்க வேண்டிய பாரம் படையின் தலையில் விழும்.

அதற்கு முன் படைக்குள்ளேயே எழுத்தில் குறைமனு கொடுக்கட்டும். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. மனுவுக்குப் பிரதி எடுத்து, அதில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளட்டும். அங்கே இழுத்தடித்தால் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ராணுவக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அந்தப் பட்டியலை மகன் போனில் படம் எடுத்தாரா? கோடு விழுவதற்கு முந்தைய பட்டியலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரப்பரால் அழித்தாலும் தாளில் தடம் நிற்கும், ஆனால் தாளையே மாற்றிவிட்டால் என்ன செய்வது?

இன்னொன்று. மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் மகன், நீங்கள் அல்ல. வழக்கு வந்தால் சொந்தபந்தம் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அதற்கு அவர் தயாரா என்று முதலில் கேளுங்கள். தயார் என்றால், இந்த மாத விடுப்பில் வரும்போது அந்தப் பட்டியலோடு அவரையே என்னிடம் அனுப்புங்கள்.