ரூஜ் ரிவர் தொகுதியைத் தேடும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடா வந்து நாலு மாதம், ரொறன்ரோவின் மால்வேர்னில் ஒரு பேஸ்மென்றில் இருக்கிறீர்கள், மனைவியின் ஸ்பொன்சர் கேஸ் இழுபடுகிறது. வீட்டுக்காரர் "ரூஜ் ரிவர் எம்.பி.யின் ஒஃபீசுக்குப் போய்ப் பார்" என்கிறார், தேடினால் அப்படியொரு தொகுதியே இல்லை. கூடவே எந்த ஜக்கெட் வாங்குவது, கார் இன்சூரன்ஸ் ஏன் இவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜக்கெட் முழங்கால் வரை மறைக்கிற மாதிரி வாங்குங்கள், இன்சூரன்சுக்கு நாலு இடத்தில் விலை கேளுங்கள், மிச்சத்தை வேறு யாராவது விபரமாகச் சொல்லுவார்கள். நான் தொகுதியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தில் நான் காசும் காலமும் இழந்தவன்.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. ஸ்காபரோ ரூஜ் ரிவர் என்று ஒரு மத்திய தொகுதி இருந்தது. வடக்கே ஸ்டீல்ஸ் வீதி, தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை, கிழக்கே ரூஜ் ஆற்றுப் பக்கம். மால்வேர்ன், மில்லிக்கன் எல்லாம் அதற்குள். 1988 தேர்தலில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக வாக்குச்சீட்டில் வந்தது. 2015 தேர்தலோடு மத்தியில் அந்தப் பெயர் இல்லாமல் போனது. இடைப்பட்ட 27 வருடத்தில் அதற்கு இருந்த எம்.பி.கள் மொத்தம் இரண்டே பேர். லிபரல் கட்சியின் டெரெக் லீ தொடர்ந்து ஏழு தேர்தல் வென்றார். அவர் விலகிய பிறகு 2011 மே 2ஆம் திகதி என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) சார்பில் நின்ற ராதிகா சிற்சபைஈசன் வென்றார், கனடாப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர்.

நான் 1991 தை மாதம் வந்தேன். அப்போது ஸ்காபரோ தனி நகரம், 1998இல்தான் ரொறன்ரோவோடு சேர்த்தார்கள். மால்வேர்னில் ஒரு பேஸ்மென்றில் ஆறு பேர். ஜன்னல் நிலத்து மட்டத்தில் இருக்கும், ஸ்நோ கொட்டினால் பகலிலும் லைட் போட வேண்டும். எங்களுக்குள் நல்ல ஜக்கெட் ஒன்றே ஒன்று. இரவு வேலைக்குப் போகிறவன் காலையில் வந்து கழற்ற, அந்தச் சூடு ஆறுமுன் மற்றவன் போட்டுக்கொண்டு பஸ்சுக்கு ஓடுவான். அகதிக் கேஸ், பிறகு பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமை, பிறகு அம்மாவைக் கூப்பிடுவது, இதைத் தவிர வேறு எதையும் யோசிக்க நேரமில்லை. யார் எம்.பி., எது தொகுதி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

1996இல் அம்மா கொழும்பில் லொட்ஜில் இருந்துகொண்டு பைல் நகரவில்லையே என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் அழுவா. எங்கள் ஆள் ஒருவர், கொன்சல்டன்ட் என்று கார்ட் அடித்து வைத்திருந்தவர், "எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுவிக்கிறேன்" என்று 600 டொலர் வாங்கினார். அது என் இரண்டு கிழமைச் சம்பளம். நாலு மாதம் ஒரு பதிலும் இல்லை. கடைசியில் வேலைத்தலத்தில் ஒரு கயானாக்காரர்தான், அதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, நீயே எம்.பி.யின் ஒஃபீசுக்குப் போகலாம் என்றார். போனேன். அங்கே இருந்த பிள்ளை ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி, பைல் நம்பரைக் குறித்து, பத்து நிமிசத்தில் வேலையை முடித்து அனுப்பினா. ஒரு சதமும் கேட்கவில்லை.

அதனால் நன்றாகக் கேளுங்கள். எம்.பி. ஒஃபீசில் எந்த உதவிக்கும் காசு இல்லை. காசு கேட்கிற ஆள் யாராக இருந்தாலும், கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவராக இருந்தாலும், எழும்பி வந்துவிடுங்கள். எம்.பி.யால் விசா கொடுக்கவும் முடியாது, பைல் எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்லத்தான் முடியும். ஆனால் அதுவே பெரிய விசயம். மற்றது, நீங்கள் பி.ஆர்., வாக்குப் போட முடியாது. வருமான வரிப் படிவத்தில் தேர்தல் ஆணையத்துக்கு விபரம் கொடுக்கலாமா என்று ஒரு பகுதி வரும், அங்கே குடியுரிமை கேட்பார்கள். எங்கள் சனம் யோசிக்காமல் ஆம் என்று போட்டுவிடுகிறது. பிறகு சிற்றிசன் விண்ணப்பத்தில் சிக்கல் வந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

சரி, தொகுதி எங்கே போனது? பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசனக் கணக்கெடுப்புக்குப் பிறகு ஒவ்வொரு மாகாணத்திலும் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு எல்லைகளைத் திரும்ப வரையும், ஒரு நீதிபதி தலைமை. 2012இல் தொடங்கிய வேலையில் ஒன்ராறியோவின் 106 ஆசனம் 121 ஆனது, ரூஜ் ரிவர் வெட்டுப்பட்டது. ஒரு பெரிய துண்டு ஸ்காபரோ நோர்த், மற்றது ஸ்காபரோ ரூஜ் பார்க். மால்வேர்னே இரண்டாகப் பிளந்தது. ராதிகா 2015இல் நோர்த்தில் நின்று தோற்றார், ரூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் கரி ஆனந்தசங்கரி வென்றார். அந்த வரைபடத்தைப் பற்றிப் பொதுமக்கள் பேசலாம் என்று கூட்டம் வைத்தார்கள். நான் போகவில்லை, இரவு வேலை. எங்கள் தெருவில் யாரும் போகவில்லை. அது இன்றைக்கும் மனதைக் குத்துகிறது.

எங்கள் சனத்திடம் 1977இல் ஊரில் காங்கேசன்துறைத் தொகுதியில் யார் வென்றார் என்று கேளுங்கள், பெரும்பான்மை வாக்கு வரை சொல்லுவார்கள். அந்தத் தொகுதி 1989இலேயே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் போய்விட்டது. தாங்கள் முப்பது வருடம் வரி கட்டுகிற இடத்தின் பெயரைக் கேட்டால் மட்டும் தெரியாது. பக்கத்து நகரங்களான மார்க்கம், ஏஜக்ஸுக்கு வீடு மாறிப் போனவர்கள் "மால்வேர்னா, அங்கேயா இருக்கிறாய்" என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். அவர்களுடைய முதல் சம்பளம், முதல் கலியாணம், முதல் பிள்ளை எல்லாம் இந்த மால்வேர்னில்தான்.

குழப்பத்துக்கு இன்னும் காரணம் இருக்கிறது. மத்தியில் தொகுதி போன பிறகும் மாகாணத்தில் ரூஜ் ரிவர் 2018 வரை இருந்தது, 2016 இடைத்தேர்தல்கூட அதே பெயரில்தான் நடந்தது. இப்போது ரூஜ் பார்க்குக்கும் அதே கதை. 2025 மத்திய தேர்தலில் அது ஸ்காபரோ கில்ட்வுட் ரூஜ் பார்க் ஆகிவிட்டது, மாகாணத்திலும் நகரசபையிலும் பழைய ரூஜ் பார்க்காகவே இருக்கிறது. அந்தத் தொகுதிக்குள் இருக்கிற போர்ட் யூனியனில் ஒரே வீட்டுக்கு மத்தியில் ஒரு பெயர், மாகாணத்தில் ஒரு பெயர். குடிவரவு, பாஸ்போர்ட் என்றால் மத்திய எம்.பி. ஹெல்த் கார்ட், லைசென்ஸ் என்றால் மாகாணம். குப்பை, ஸ்நோ தள்ளுவது நகரசபை. ஆள் மாறிப் போனால் ஒரு நாள் லீவு வீண்.

2011இல் நான் வாக்குக் கேட்டு ஏறி இறங்கிய அபார்ட்மென்ற் மாடிகள் இன்னும் ஞாபகம். கதவுக்கு முன்னால் பாதணிக் குவியல், உள்ளே கறி தாளிக்கிற வாசம். பன்னிரண்டாம் மாடியில் ஒரு அம்மா வாக்காளர் அட்டையைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தா, ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. சிற்றிசன் எடுத்து ஒன்பது வருடம், ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை, எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை என்றா. நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். பென்சிலை எப்படிப் பிடிப்பது, எங்கே போடுவது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தா.

உங்கள் போஸ்டல் கோட் எம்1பி என்று தொடங்கும், ஆனால் அந்த மூன்று மட்டும் போதாது, ஆறையும் கனடாத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் போட்டால் இன்றைய தொகுதியும் எம்.பி.யின் பெயரும் வரும். திங்கட்கிழமை காலையிலேயே போங்கள், கேஸ் நம்பர் உள்ள கடிதத்தை மறக்க வேண்டாம்.