எழுத்துக்கு முன் பேச்சு: தொடக்கப் பள்ளிப் பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

மதுரை வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர், பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி (வலையங்குளம் பக்கத்திலிருந்து ஒரு தாய்): வணக்கம் டீச்சர். நானும் கணவரும் மல்லிகை பறிக்க விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். மகள் இப்போது முதல் வகுப்பு. அவளுக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

பதில்: எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது பள்ளியின் பொறுப்பு, அம்மா, அதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. வீடு கொடுக்க வேண்டியது பேச்சு. காதில் முன்பே விழுந்து பொருள் விளங்கிய சொல்லைத்தான் ஒரு குழந்தை புத்தகத்தில் பார்க்கும்போது எளிதாக வாசிக்கிறது. கேட்டே இராத சொல்லை எழுத்துக் கூட்டி முடித்தாலும் அதற்கு ஒன்றும் புரிவதில்லை. ஆகவே வேலை செய்துகொண்டே அவளோடு பேசுங்கள். பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நேற்றைக்கு எத்தனை கிலோ, இன்றைக்குக் கூடவா குறைவா, அரைக் கிலோவுக்கு எத்தனை கால் கிலோ என்று கேளுங்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

மாலையில் "என்ன படித்தாய்?" என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். சாப்பிடும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், டீச்சர் எதற்குச் சிரித்தார் என்று கேட்டுப் பாருங்கள். முழு வாக்கியங்களில் பேசத் தொடங்குவாள். காலை உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டையிலுள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கப்பட்டு, மறு ஆண்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது. உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படிப்பதாக இருந்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்யுங்கள். வெறும் வயிற்றோடு உட்காரும் குழந்தைக்கு முதல் இரண்டு பாடவேளைகளும் வீணாகிவிடும்.

கேள்வி (மகால் பகுதியிலிருந்து ஒரு தந்தை): எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. பையன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். இனி வீட்டிலும் தமிழிலேயே பேசலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் கதையும் கோபமும் கொஞ்சலும் தடையின்றி வருகின்றனவோ அந்த மொழியில்தான் அவனோடு பேச வேண்டும். பெரியது சிறியது, முன்பு பின்பு, ஏன் எதற்கு என்னும் எண்ணங்களை வீட்டு மொழியில் உறுதியாகப் பெற்ற குழந்தை, அவற்றுக்கான தமிழ்ச் சொற்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. புதிய மொழிச் சூழலில் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இந்த வயதில் இயல்பு. அந்த நாட்களில் அவனைத் தலையசைத்தோ, சுட்டிக் காட்டியோ, சௌராஷ்டிரத்திலேயோ பதில் சொல்ல அனுமதிக்கும்படி ஆசிரியையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெருவில் தமிழ் பேசும் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள். தமிழ் உச்சரிப்புக்காகவே போற்றப்படும் பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (ஆனையூரிலிருந்து ஒரு தாய்): மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் தினமும் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைப் பிடித்தாலே அழுகிறான்.

பதில்: அவன் அழுவதில் நியாயம் இருக்கிறது. அந்த வயதில் விரல் தசைகளும் மணிக்கட்டும் எழுதுவதற்குத் தயாராகியிருப்பதில்லை. களிமண் உருட்டுதல், காகிதம் கிழித்து ஒட்டுதல், நிலக்கடலை உடைத்தல், பட்டாணி உரித்தல், சிலேட்டில் பெரிதாகக் கிறுக்குதல் ஆகியவையே அவனுக்கு இப்போது எழுத்துப் பயிற்சி. வாசலில் கோலமாவைக் கொடுத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மாவை எடுக்கும் அதே மூன்று விரல்கள்தாம் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகின்றன.

முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றும், அவர்களுடைய புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் மத்திய அரசு 2018-இல் சுற்றறிக்கை அனுப்பியது. முதல் வகுப்புக்கே இல்லாத சுமையை எல்.கே.ஜி. குழந்தை ஏன் சுமக்க வேண்டும்? தனியாகப் போய்ப் பேசினால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும். நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து, அமைதியாக, எழுத்து மூலம் கேளுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாத்தா): மகனும் மருமகளும் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் எங்களிடம் வளர்கிறான். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் நடுவில் ஒரு சொல்லைக் காட்டிக் கேட்டால் விழிக்கிறான்.

பதில்: ஐயா, நீங்கள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்; பல பெற்றோர் அந்த ஒப்பித்தலைக் கேட்டு ஏமாந்துவிடுகிறார்கள். அவன் பக்கத்தை மனப்பாடம் செய்திருக்கிறான், எழுத்தை இன்னும் பிடிக்கவில்லை. 247 எழுத்துகளையும் வரிசையாகச் சொல்ல வைப்பதால் இது தீராது. ட, ப, ம, ர போன்ற சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு படம், மடம், மரம், பட்டம் என்று சொற்களாக வாசிக்கச் செய்யுங்கள். பிறகு கால் சேர்த்தால் ப எப்படிப் பா ஆகிறதோ அப்படியே ம, மா ஆகிறது என்று காட்டுங்கள். உகர, ஊகாரக் குறிகளைத் தவிர, ஓர் எழுத்தில் பிடிபட்ட குறி மற்றப் பதினேழிலும் தானே வந்துவிடும்.

இரண்டு இடங்களில் பிள்ளைகள் உண்மையாகவே தடுமாறுவார்கள். ஒன்று, கெ, கே, கை, கொ போன்றவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இரண்டாவது, பாம்பு என்னும் சொல்லில் முதலில் வரும் பகரமும் இறுதியில் வரும் பகரமும் காதுக்கு வேறு வேறாகக் கேட்கின்றன. இதைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திட்டாமல், சொல்லை மெதுவாகச் சொல்லிக் காட்டி, மீண்டும் வாசிக்கச் செய்ய வேண்டும்.

அரசுப் பள்ளியில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறார்கள். பேரன் எந்த நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரும்பு என்றால் வருத்தப்படாதீர்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம். தினமும் பத்து நிமிடம் போதும். இரவில் திருப்பூருக்குப் போன் செய்யும்போது, அன்று வாசித்த கதையை அவனே அப்பா அம்மாவிடம் சொல்லட்டும். அந்தப் போன் பேச்சுக்காக அவன் நாள் முழுவதும் காத்திருப்பான்.

கேள்வி (மேலூர் அருகே ஈராசிரியர் பள்ளியில் பணியாற்றும் இளம் ஆசிரியர்): பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதே இல்லை, அம்மா. வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பதில்: கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள்? நூறு நாள் வேலை நடக்கும் நேரத்திலோ, நடவு நாளிலோ கூப்பிட்டால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சொல்வதாகிவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009, இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அது வெறும் கணக்காக நின்றுவிடாமல் இருக்க, சாயங்காலம் ஊர் மந்தையிலேயே ஒருமுறை கூடிப் பாருங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். அடியும் அவமானமும் பட்டுப் படிப்பை நிறுத்திய பெற்றோர் பலருக்குப் பள்ளி வாசலே இன்னும் பயமாக இருக்கிறது. குறை சொல்வதற்காக மட்டுமே ஆள் அனுப்பினால் அந்தப் பயம் உறுதிப்படும். ஆகவே முதல் சந்திப்பில் அந்தக் குழந்தையிடம் நீங்கள் கண்ட ஒரு நல்ல விஷயத்தை, உண்மையாக, குறிப்பாகச் சொல்லுங்கள். கொத்தனார் ஒருவரை அழைத்துத் தூக்குக்குண்டைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டியை அழைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் மறுமாதக் கூட்டம் நிறையும் என்று நம்பலாம்.

கேள்வி (திருமங்கலம்): மகள் இடது கையால் எழுதுகிறாள். மாமியார் மாற்றச் சொல்கிறார்.

பதில்: மாற்றாதீர்கள். மூளையின் அமைப்பைப் பொறுத்தது அது. வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையின் கை இடிக்காது.

கேள்வி (வில்லாபுரம்): செல்போன் காட்டினால்தான் மூன்று வயதுக் குழந்தை சாப்பிடுகிறது.

பதில்: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. நேரத்தைவிட எனக்குக் கவலை தருவது, சாப்பாட்டு வேளையில் நடக்க வேண்டிய பேச்சு நின்றுபோவதுதான். குடும்பத்தோடு உட்கார வைத்துத் தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். சில நாட்கள் அடம் பிடிக்கும், குறைவாகச் சாப்பிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சோழவந்தானிலிருந்து ஒரு தாய்): மூன்றாம் வகுப்பு மகன் எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறான், பலகையைப் பார்த்து எழுதினால் பாதியை விட்டுவிடுகிறான். மந்தமான பிள்ளை என்கிறார்கள்.

பதில்: அந்தச் சொல்லை அவன் காதுபட யாரும் சொல்ல விடாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கண் பரிசோதனைக்கு 1976 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே இருக்கிறது. காதில் சீழோ அடைப்போ இருந்தால் அரசு இராசாசி மருத்துவமனையில் காட்டலாம். இரண்டும் சரியாக இருந்தும் சிக்கல் தொடர்ந்தால், கல்வித் துறையின் கீழ் உங்கள் வட்டார வள மையத்திலுள்ள, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியரைச் சந்திக்கத் தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள். ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவது சாதாரணம். எட்டு வயதிலும் நீடித்தால் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும், அப்படி இருந்தாலும் அதற்கென்று கற்பிக்கும் முறைகள் இருக்கின்றன. போகும்போது அவனுடைய சென்ற ஆண்டு நோட்டுகளையும் இந்த ஆண்டு நோட்டுகளையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். எந்த எழுத்துகளில் தொடர்ந்து தவறுகிறான் என்பது அவற்றிலிருந்துதான் தெரியும்.