நகையை அடகு வைக்கும் முன் ஆயிலை அளந்து பாருங்கள்

கேள்வி: தேவகோட்டையில் மருந்துக் கடை நடத்துகிறேன். ஐந்து மாதங்களுக்கு முன்பு, வைப்பு நிதி முதிர்ந்த பணத்தில், ஒன்பது ஆண்டு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை 14 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். டர்போ பெட்ரோல் இன்ஜின். இதுவரை 4,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அதற்குள் இரண்டு முறை மஞ்சள் ஆயில் விளக்கு எரிந்து, ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. மதுரையில் காட்டினேன்; இன்ஜினைப் பிரித்து, ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் மாற்ற 4 லட்சம் ஆகும் என்கிறார்கள். விற்பதானால் 10 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்து வேலையை முடிக்கலாமா, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எல்லாத் தொகையும் இருக்கிறது, ஒன்றைத் தவிர. இரண்டு முறையும் எவ்வளவு ஆயில் ஊற்றினீர்கள்? கடையில் ஓர் அட்டை மாத்திரை குறைந்தாலே இருப்புப் பதிவேட்டைப் புரட்டுகிறவர் நீங்கள். 14 லட்சம் போட்ட காருக்கு அந்தப் பதிவேடு இல்லாமல் 4 லட்சம் கடனுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டர்போ இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆகலாம் என்று பல ஜெர்மன் கார்களின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கும். முறைக்கு ஒரு லிட்டர் ஊற்றியிருந்தால் உங்கள் கார் அந்த எல்லையில் நிற்கிறது. முறைக்கு இரண்டு லிட்டர் என்றால் கதை வேறு.

பணத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுவீர்கள், நல்ல சிந்தெடிக் ஆயில் லிட்டர் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் வீதம் குடித்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். ஒரு லிட்டர் வீதம் என்றால்கூட 10,000. நகைக் கடன் 4 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியே ஆண்டுக்கு 36,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். இன்ஜின் வேலை பார்த்ததற்காகப் பழைய காருக்கு 4 லட்சம் கூட்டிக் கொடுப்பவரும் கிடைக்கமாட்டார். அதே நேரம், ஆயில் மிகுதியாக எரிந்தால் ஸ்பார்க் பிளக்கும் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும். இரண்டாவது மிகவும் விலை கூடியது. அதனால் அளக்காமல் விட்டுவிடவும் முடியாது.

எங்கள் அப்பத்தா நல்லெண்ணெய்த் தகரத்தின் மேல் சுண்ணாம்பால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைப்பார். கோட்டைப் பார்த்தே அந்த மாதம் எண்ணெய் கூடப் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நீங்களும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்ட பிறகும், வீட்டில் ஒரே சமதரையில் காரை நிறுத்துங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். ஆயில் அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். கம்பியில் பளபளக்கும் ஆயிலின் விளிம்பு மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். தேதி, ஓடிய கி.மீ., ஊற்றிய மில்லி மூன்றையும் எழுதுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், அதுவும் கெடுதல்.

இன்னொன்று, பலர் ஏமாறும் இடம். கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு கி.மீ. ஓட்டினால் இன்ஜின் முழுதாகச் சூடாகாது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அளவைத் தூக்கிக் காட்டும். நிம்மதியாக இருப்பீர்கள். பிறகு ஒரு நாள் சென்னைக்கு விரட்டினால், கலந்த பெட்ரோல் ஆவியாகி, திடீரென்று அரை லிட்டர் குறைந்ததுபோல் தெரியும். ஆகவே ஒரே பயணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 3,000 கி.மீ. கணக்கு வேண்டும்.

அதற்குள் மலிவான காரணங்களைத் தேடுங்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் ஊர் நம்முடையது. பின்கட்டுக் கொட்டகையில் செம்மண் தரையில் கார் நின்றால் சொட்டுவது தெரியவே தெரியாது. இரவில் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். அடுத்து, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பழுதானாலே ஆயில் எரியும், மாற்றும் செலவு 4 லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ரிங் தேய்ந்ததாகச் சொன்னவர்கள், சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்தார்களா? செய்யவில்லையென்றால் அந்த மதிப்பீட்டை ஏற்காதீர்கள்.

மூன்று ஆயிரம் கி.மீ.யிலும், ஆயிரத்துக்கு அரை லிட்டருக்குள் ஒரே சீராக வந்தால் ஊற்றி ஓட்டுங்கள். ஒவ்வோர் ஆயிரத்திலும் கூடிக்கொண்டே போனாலோ, ஒரு லிட்டரைத் தாண்டினாலோ, சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு விற்பதா, வேலை பார்ப்பதா என்று பேசுவோம். விற்றால் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குகிறவருக்கு உண்மை தெரிய வேண்டும். காப்பீட்டை நம்பியிருக்காதீர்கள், தேய்மானத்தால் வரும் இன்ஜின் பழுதை வாகனக் காப்பீடு ஏற்காது. மாதம் 10,000 ரூபாய் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். நாளை வேலை பார்த்தே ஆக வேண்டும் என்றாலும் கடன் குறையும்.

மஞ்சள் விளக்குக்கு ஆயில் ஊற்றலாம். சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆயில் அழுத்தம். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.