டிகிரி முடித்த பிறகு எம்.பி.பி.எஸ். சேர முடியுமா?

ப்ளஸ் டூவில் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு. பிறகு பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். வயது 27. நான் நீட் எழுதலாமா?

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று இருந்த உச்சவரம்பை 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கிவிட்டது. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை.

உங்களுக்குச் சிக்கல் உயிரியல். ப்ளஸ் டூ அளவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் ஆகிய நான்கிலும் தேர்ச்சி வேண்டும். பி.எஸ்சி.யைத் தகுதியாகக் காட்டும் வழியும் நீட் விதியில் உண்டு. ஆனால் அதைப் படித்துப் பார்த்தால், அப்படி வருபவர்களும் அதற்கு முன்பு ப்ளஸ் டூ அளவில் இந்த நான்கு பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதனால் பட்டத்தை வைத்து உயிரியலை ஈடுகட்ட முடியாது.

2023 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு உங்களைப் போன்றவர்களுக்கு வழிவிட்டது. ப்ளஸ் டூ முடித்த பிறகும், அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் தனிப்பாடமாகப் பதிவு செய்வது பலர் போகும் வழி. செய்முறைத் தேர்வையும் சேர்த்தே முடியுங்கள். அங்கே பொதுத்தேர்வு ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என இருமுறை. நீட் வழக்கமாக மே முதல் வாரத்தில் வருவதால், அதற்கு முந்தைய அக்டோபரிலேயே உயிரியலை எழுதிவிடுவது நல்லது. ஏப்ரலுக்குத் தள்ளினால், கவுன்சலிங் தொடங்கும்போது மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாமல் தவிக்க நேரலாம்.

பி.பார்ம். முடித்திருக்கிறேன். உடலியல், மருந்தியல் எல்லாம் படித்தாயிற்று. எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டில் விலக்கு கிடைக்குமா?

கிடைக்காது. பி.பார்ம்., நர்சிங், பல் மருத்துவம் என எது படித்திருந்தாலும் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி மருத்துவம். முதல் ஆண்டுத் தேர்வை அதிகபட்சம் நான்கு முயற்சிக்குள் முடிக்க வேண்டும்.

பி.எஸ்சி. விலங்கியல் இறுதி ஆண்டு படிக்கிறேன். நீட்டுக்காகப் படிப்பை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கவுன்சலிங் தொடங்கும் முன் உங்கள் கடைசி செமஸ்டர் முடிந்திருக்கும். நீட் தேதியும் செமஸ்டர் தேர்வும் ஒரே வாரத்தில் விழக்கூடும் என்பதை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். சேர்க்கையின்போது ப்ளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் கேட்பார்கள். அவை கல்லூரி அலுவலகத்தில் இருந்தால் எப்போது திரும்பத் தருவார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். நல்ல ரேங்க் வாங்கியவர்கள்கூட இந்த டி.சி.க்காக அலைவதுண்டு.

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கு நான்கே ஆண்டில் மருத்துவப் படிப்பு உண்டாமே?

உண்டு. 'கிராஜுவேட் என்ட்ரி' என்பார்கள். அயர்லாந்தில் முதல் பட்டத்தில் அப்பர் செகண்ட் கிளாஸ் (முதல் வகுப்புக்கு அடுத்த நிலை) தேவை, பிரிட்டனிலும் பெரும்பாலும் அப்படித்தான். சில கல்லூரிகள் எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கும், சில அறிவியல் பட்டம்தான் கேட்கும். அதோடு நுழைவுத்தேர்வு: பிரிட்டனில் யூகேட் அல்லது கேம்சாட், அயர்லாந்தில் கேம்சாட். கேம்சாட்டில் மூன்று பகுதிகள். முதலாவது கலை, இலக்கியம், சமூக அறிவியல் சார்ந்த பத்திகளைப் படித்துத் தர்க்கிப்பது, இரண்டாவது கட்டுரை எழுதுவது, மூன்றாவது அறிவியல். அறிவியல் பகுதியில் வேதியியலும் உயிரியலும் தலா 40 சதவீதம், இயற்பியல் 20. நம் மாணவர்கள் இடறுவது முதல் இரண்டு பகுதிகளில். மனப்பாடம் அங்கே உதவாது.

பிரிட்டன் விண்ணப்பத்தை யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியே அக்டோபர் 15-க்குள் அனுப்ப வேண்டும். மருத்துவத்துக்கு நான்கு கல்லூரிகள்தான் குறிக்கலாம். பட்டதாரிகளுக்கான இடங்களைச் சில கல்லூரிகள் உள்நாட்டு மாணவர்களுக்கு மட்டுமே தருகின்றன. ஆகவே கட்டணம் கட்டுமுன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏஜென்சிகள் வாய் திறக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 2021 நவம்பரில் வந்த இந்திய விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல், படித்த அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். நான்கு ஆண்டு என்றால் 48 மாதம். கணக்கு அங்கேயே உதைக்கிறது. அந்த நாட்டிலேயே தொழில் செய்யப் போகிறவர்களுக்கு இது பொருட்டல்ல. ஊர் திரும்பி இங்கே பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், நான்கு ஆண்டுப் படிப்பை விட்டுவிட்டு ஐந்து ஆண்டுப் படிப்பைப் பாருங்கள், பயிற்சி எங்கே நடக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளம்புமுன் நீட்டில் தகுதி பெறுவதும் கட்டாயம். வெளிநாட்டுப் படிப்புக்கு அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.