பிரிக்கும் சுழற்சி கலக்குமா?

கேள்வி: மையநீக்கியில் சுழற்றினால் குருதியிலிருந்து செங்குழியங்கள் பிரிந்துவிடும் என்று உயர்தர வகுப்பில் படிக்கிறோம். இறுவட்டுப் போன்ற சிறு தட்டைச் சுழற்றி, ஒரு துளி குருதியைச் சோதனைப்பொருளுடன் கலக்கும் கருவிகளும் உள்ளனவாம். பிரிக்கும் சுழற்சியே கலக்கவும் செய்வது எப்படி?
– வாசகி, கொக்குவில்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. பிரிப்பது சீரான வேகம். கலப்பது பெரும்பாலும் வேகத்தின் மாற்றம்.

தலைமயிர் அளவு ஒடுங்கிய வாய்க்காலில் பாகுநிலையின் (திரவத்தின் உள்உராய்வின்) கை ஓங்கிவிடுவதால் கொந்தளிப்பு எழுவதில்லை. இரு திரவங்கள் சேர்ந்து ஓடினாலும் தனித்தனிப் படைகளாகவே ஓடும். எஞ்சுவது மூலக்கூறுகளின் பரவல் மட்டுமே. அதற்கு வேண்டிய நேரமோ தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். நீரில் குளுக்கோசு 0.1 மில்லிமீற்றர் பரவ ஏறத்தாழ 7 செக்கன் போதும். 1 மில்லிமீற்றருக்கோ 12 நிமிடமாகும். அல்புமின் போன்ற புரதங்களுக்கு இதிலும் ஏறக்குறைய 10 மடங்கு. ஆகவே, படைகளை இழுத்து மெல்லியதாக்குவதே வழி: தடிப்பு 10இல் ஒன்றானால் நேரம் 100இல் ஒன்றாகும்.

ஒரு கோப்பைத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, கோப்பையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். கோப்பை திரும்பும், தூள் நின்ற இடத்திலேயே நிற்கும். இதுவே சடத்துவம். தட்டிலுள்ள கலவை அறை வாய்க்காலை விட அகலமானது என்பதால் அங்கே சடத்துவத்துக்கும் இடமுண்டு. தட்டு விரைவுபடும்போது திரவம் பின்தங்கி, அறைக்குள் எதிர்த்திசையில் சுழல்கிறது. வேகம் குறையும்போது அச்சுழல் மறுபக்கம் திரும்புகிறது. சுவரையும் அடித்தளத்தையும் ஒட்டிய திரவம் இழுபட்டு நிற்க, நடுவிலுள்ளது முந்திச் செல்வதால் படைகள் நீண்டு மடிகின்றன. இதனை உண்டாக்குவது, சுழற்சி வேகம் மாறும்போது மட்டும் தோன்றும் ஒயிலர் விசை. சீரான வேகத்திலும், ஆரை வழியே வெளியே ஓடும் திரவத்தைக் கோரியோலிசு விசை பக்கவாட்டில் தள்ளிப் புரட்டும். ஆனால் அது வலுப்பெற வேகம் மிக அதிகமாக வேண்டும்.

எண்ணுந்தோறும் எனக்கு வியப்பூட்டுவது, இரு வேலைகளும் ஒரே தட்டில் அடுத்தடுத்து நடப்பதுதான். முதலில் தட்டு வேகமாகச் சீராகச் சுழன்று செங்குழியங்களை வெளிப்புறம் ஒதுக்குகிறது. அப்போது மையநீக்க விசை, தட்டின் மையத்தை நோக்கி எழுந்து வளையும் நுண்குழாயில், குழியங்கள் நீங்கிய குருதித் திரவமான திரவவிழையம் ஏறாமல் தடுத்து வைக்கிறது. வேகம் குறைந்ததும் மயிர்த்துளை விசை அதனை வளைவுக்கு மேலாக இழுத்துவிட, மீண்டும் சுழலும்போது அது கலவை அறைக்குள் வடிகிறது. அதன் பின்னரே கூட்டிக் குறைக்கும் சுழற்சி தொடங்கும். இத்தனைக்கும் தனிப் பம்பி தேவையில்லை. வேகத்தைத் துல்லியமாக மாற்றக்கூடிய ஒரு மோட்டர் போதும்.